‘ஓம்’ சொல்லி முடிப்பதற்குள் குண்டு வந்துவிடுமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில், இன்றைய காலத்தில் நடக்கிற மாயக்கதை ஒன்று எழுதுகிறேன். நாயகி மாங்கூழ் ஃபாக்டரியில் கணக்கு எழுதுபவள், மந்திரம் தெரிந்தவள். எதிரிகளிடம் ஏகே-47 இருக்கிறது. படித்துப் பார்த்த நண்பர்கள், “ஒரே சூடு, கதை முடிந்தது, அப்புறம் மந்திரம் எதற்கு?” என்று கேட்கிறார்கள். மந்திரத்துக்குத் துப்பாக்கி ஈடாகுமா? இன்னொன்று, பேயை ஐம்பொன் தோட்டாவால் சுடலாமா? (பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர்)

உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி சரி. அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம்.

பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவன் நான். ஃபயரிங் ரேஞ்சில் ‘பட்ஸ்’ என்று ஒரு பள்ளம் உண்டு. இலக்கு அட்டைகளை ஏற்றி இறக்க அதற்குள் ஆள் உட்கார வேண்டும். 300 மீட்டர் தள்ளிப் படுத்திருப்பவன் சுடுவான். தலைக்கு மேலே சாட்டை சொடுக்கினாற்போல ஒரு ‘படீர்’. அட்டையில் ஓட்டை விழுந்திருக்கும். அதற்கு அப்புறம்தான் தூரத்தில் துப்பாக்கியின் ‘டும்’ வந்து சேரும். முதல் நாள் இது புரியாமல் முழித்தேன். குண்டு சத்தத்தை முந்திக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிள் குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது நொடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகம், ஏகே குண்டு 700க்குச் சற்று மேல், சத்தமோ 340தான்.

இதை மந்திரக் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று பள்ளியில் படித்தோமே, அது இங்கே உதவும். ‘ஓம்’ என்பதில் நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை, ஆக இரண்டரை மாத்திரை. ‘நமசிவாய’ ஆறு மாத்திரை. 100 மீட்டரில் இருந்து வரும் ஏகே குண்டுக்கு 0.15 நொடி போதும். கண்ணால் கண்டு கை அசைவதற்கே மனிதனுக்கு ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். அதனால் எதிரி டிரிகரை இழுத்த பிறகு உங்கள் நாயகி உதட்டைத் திறந்தால், அந்த அத்தியாயம் அங்கேயே முடிந்தது.

தாயத்து கட்டியிருக்கிறாள், குண்டு ஏறாது என்று எழுதத் தோன்றும். வரலாற்றில் அதை நம்பியவர்கள் இருந்திருக்கிறார்கள். 1905இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியர் ஆட்சியை எதிர்த்து எழுந்தவர்கள், மந்திரித்த நீர் பட்டால் குண்டு தண்ணீராகிவிடும் என்று நம்பி மெஷின்கன் முன்னால் போனார்கள். ‘மஜி’ என்றால் சுவாஹிலியில் தண்ணீர். கலகத்துக்கே மஜி மஜி என்று பெயர் நிலைத்துவிட்டது. பல்லாயிரம் பேர் செத்தார்கள். உங்கள் கதையில் தாயத்து பலிக்கலாம், கதைதானே. ஆனால் விலை இல்லாமல் பலித்தால் வாசகருக்குப் பயம் போய்விடும்.

இப்போது மறுபாதி. குண்டோடு மந்திரத்தை மோத விட்டதுதான் உங்கள் தவறு. குண்டு கிளம்புவதற்கு முன்னால் நடப்பவற்றோடு மோத விடுங்கள். நம் மாந்திரீக மரபில் எட்டுக் கருமங்கள் உண்டு: வசியம், மோகனம், தம்பனம் (கட்டி நிறுத்துவது), உச்சாடனம் (விரட்டுவது), ஆகர்ஷணம் (இழுத்து வருவது), பேதனம், வித்துவேஷணம் (பகை மூட்டுவது), மாரணம் (கொல்வது). இதில் பெரும்பாலானவை ஆளின் மனதைப் பிடிப்பவை. மோகனத்தில் கிறங்கியவன் யாரைக் குறி பார்ப்பான்? பேதனத்தால் பிரிந்த கூட்டாளிகள் துப்பாக்கியை எந்தப் பக்கம் திருப்புவார்கள்?

எனக்கு மிகவும் பிடித்தது தம்பனம், அதிலும் அக்கினித் தம்பனம். நெருப்பைக் கட்டிப்போடுவது. ஏகே தோட்டாவின் பின்புறம் சின்னதாக ஒரு கேப் இருக்கும். ஊசி அதில் குத்தினால் பொறி, பொறியால் உள்ளே மருந்து எரியும், அந்த வாயு குண்டைத் தள்ளும். பொறியைக் கட்டிவிட்டால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வரும். படீரென்று வெடிக்க வேண்டிய இடத்தில் ‘டிக்’ கேட்டால் வயிறு கலங்கும், எனக்குத் தெரியும். ஆனால் பயிற்சி பெற்றவன் கை அதற்கு நிற்காது. தானாகவே பின்னால் இழுத்து, கெட்டுப்போனதை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்றிவிடும். இரண்டு நொடி ஆகலாம். மேகசினில் 30 தோட்டா இருக்கிறது. நாயகிக்கு ஒவ்வொரு முறையும் கிடைப்பது அந்த இரண்டு நொடிதான். அவள் மூச்சு முப்பது முறை தாங்குமா என்பதில்தான் உங்கள் காட்சி இருக்கிறது.

இடமும் உங்கள் கையில். ஃபாக்டரியில் மாம்பழ கிரேட்டுக்குப் பின்னால் அவளை ஒளிய வைக்காதீர்கள். ஆள் மறைவாள், குண்டு நிற்காது. கிருஷ்ணகிரியில் கதை வைப்பவருக்கு கிரானைட் பற்றி நான் சொல்ல வேண்டுமா? ஆள் உயரக் கல் பிளாக்குக்குப் பின்னால் போனால் ஏகே ஒன்றும் செய்யாது. ஆனால் கல்லில் பட்டுச் சில்லு தெறிக்கும், குண்டு திசை மாறிப் பாயும். தொப்பூர் கணவாய் மாதிரி வளைவான சாலை இன்னும் நல்லது. வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பவனை எந்த ரைஃபிளும் பார்க்காது. மந்திரத்துக்குப் பார்வை தேவையில்லை என்று நீங்கள் வைத்துக்கொண்டால் அங்கே அவள் கை ஓங்கும்.

பெரிய துப்பாக்கி இருந்தாலும் ஆள் இருக்கும் இடம் தெரியாவிட்டால் வீண் என்பதற்கு உங்கள் தர்மபுரி மாவட்டமே சாட்சி. வீரப்பனைத் தேடி இரண்டு மாநிலப் படைகள் பல வருடம் காடு காடாக அலைந்தன. கடைசியில் 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே முடிந்தது. அன்று அவர் ஏறி வந்த ஆம்புலன்ஸே அதிரடிப்படை ஏற்பாடு செய்ததுதான். துப்பாக்கி பேசியது கடைசிச் சில நிமிடம் மட்டும்.

இன்னொரு சந்தேகம். உங்கள் எதிரிகளுக்கு ஏகே-47 எங்கிருந்து வந்தது? அது தடை செய்யப்பட்ட ஆயுதம், லைசென்ஸ் கேட்டு வாங்க முடியாது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் உள்ளவரும் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தேர்தல் வந்தால் அதையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். மந்திரத்தை ஒப்படைக்கச் சொல்லி எந்த கலெக்டரும் உத்தரவு போட்டதில்லை. கதையைத் தேர்தல் மாதத்தில் வையுங்களேன்.

என்னைக் கேட்டால் ஏகேவைத் தூக்கிவிட்டு, அஞ்செட்டி பக்கத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்றைக் கொண்டு வருவேன். வாய் வழியாக மருந்து கொட்டி, துணி வைத்து, கம்பியால் கெட்டித்து, ரவை போட்டு, மறுபடி கெட்டித்து, கேப் வைத்து... அதுவே ஒரு பூசை மாதிரிதான். மந்திரவாதிக்கும் அதைச் சுடுபவனுக்கும் நேரம் சரிசமம். மழை வந்து மருந்து நனைந்தால் அதுவும் இல்லை.

ஐம்பொன் தோட்டா கேட்டீர்களே, அதற்கும் இதுதான் பொருத்தம். ரைஃபிள் குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும். குண்டின் மேல் உள்ள மெல்லிய செம்பு உறை அதில் கடித்துச் சுழல வேண்டும். கெட்டியான ஐம்பொன்னை முழுசாக வார்த்துப் போட்டால் அந்தப் பிடி சரியாக விழாது, குழலும் கெடும். நாட்டுத் துப்பாக்கிக் குழல் உள்ளே வழவழப்பு. பால்ரஸ் போட்டே சுட்டிருக்கிறார்கள், ஐம்பொன் ரவை போகாதா? ஆனால் ஒரே சூடுதான். தவறினால் மறுபடி கெட்டிக்க ஒரு நிமிடமாவது ஆகும். அதுவரை உங்கள் பேய் நிற்குமா என்று எழுதும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.