முழுச் சிசிலிக்குக் கடனா, கிழக்குக் கரைக்குச் சேமிப்பா?

கேள்வி: வரும் ஆகஸ்டில் நாங்கள் நால்வரும் இத்தாலியின் சிசிலித் தீவுக்குச் செல்ல எண்ணுகிறோம். பலேர்மோ, அக்ரிஜென்டோ, சிரக்கூசா, தாவோர்மினா, லிபாரி அனைத்தையும் 12 நாளில் பார்த்துவிட வேண்டும் என்கிறார், குடும்பத்தோடு உடன் வரும் மைத்துனர். எங்களுக்கு மட்டும் ஏழரை லட்சம் ஆகும். கையில் மூன்றரை லட்சம் உண்டு. மீதிக்கு 14 சதவீத வட்டியில் தனிநபர் கடன் கிடைக்கிறது. பாலி பயணக் கடனில் இன்னும் 11 தவணைகள் பாக்கி. எந்தப் பகுதியை விடலாம்?

பதில்: முதலில் விட வேண்டியது, மைத்துனர் போடும் திட்டத்துக்கு ஏற்பக் கடன் வாங்கும் பழக்கத்தை. பாலிக் கடனே முடியாத நிலையில் நான்கு லட்சத்தை மூன்றாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 13,700 ரூபாய். வட்டி மட்டும் 92,000 ரூபாயைத் தாண்டும். 'இப்போது பயணம், பிறகு தவணை' என்று செயலிகள் காட்டும் வட்டியில்லாத் திட்டங்களிலும் செயலாக்கக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் இருக்கும் என்பதால், அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சிசிலி மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவு. பலேர்மோவிலிருந்து கிழக்குக் கரையில் உள்ள கட்டானியாவுக்கே சுமார் 200 கிலோமீட்டர். தீவு முழுவதையும் சுற்றுவதென்றால் வாடகைக் கார், அதை வேறு ஊரில் விடுவதற்கான கூடுதல் கட்டணம், இரண்டு நாளுக்கொரு விடுதி, தனித் தீவான லிபாரிக்குப் படகு எனப் பணம் போக்குவரத்திலேயே கரையும். ஆகவே கிழக்குக் கரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டானியாவில் எட்டு இரவுகள் ஒரே விடுதியில் தங்கினால் சிரக்கூசா ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதன் பழைய நகரான ஓர்த்திஜியாவை நடந்தே பார்த்துவிடலாம். தாவோர்மினாவில் அறை வாடகை மிக அதிகம் என்பதால் பகலில் பேருந்தில் போய்த் திரும்புங்கள். எட்னா எரிமலைக்கும் காலையில் பேருந்து உண்டு. கேபிள் காருக்குத் தனியாக எடுத்து வையுங்கள். அக்ரிஜென்டோவின் கிரேக்கக் கோயில்கள் அருமையானவைதாம், விடச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அவை தெற்குக் கரையில் இருப்பதால் பலேர்மோவோடு சேர்த்து இன்னொரு முறை பார்ப்பதே சிக்கனம்.

ஆகஸ்ட் 15 இத்தாலியர்களின் பெருவிடுமுறை. விடுதிக் கட்டணம் உச்சத்தில் இருக்கும். பயணத்தை அடுத்த மே மாதத்துக்குத் தள்ளிவைத்து, காரும் சில இரவுகளும் லிபாரியும் குறைந்தால், செலவு தோராயமாக ஐந்து லட்சத்தில் நிற்கும். கட்டத் துணிந்த அந்த 13,700 ரூபாயை 11 மாதம் தொடர் வைப்பில் போட்டால் ஒன்றரை லட்சம். கையிருப்போடு சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும், பாலிக் கடனும் அதற்குள் முடிந்துவிடும்.

மைத்துனர் குடும்பம் ஆகஸ்டிலேயே தீவு முழுவதும் சுற்ற விரும்பினால் சுற்றட்டும். உங்கள் கணக்கை மனைவியிடம் காட்டி, அவர் வாயாலேயே அண்ணனுக்குச் சொல்லச் செய்யுங்கள். இத்தாலி செல்லத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அப்போது வங்கிக் கணக்கு அறிக்கையும் கேட்பார்கள், அதில் திடீரென வந்து விழுந்த கடன் தொகையைவிட மாதாமாதம் சேர்ந்த சேமிப்பு தெரிவதே நல்லது.