சுகர் கிரீம் பையில் பின்னல் மேலோடு (மாவுப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியது) மூழ்குகிறது, நடுப்பகுதியும் இறுகவில்லை. ஏன்?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் பை (pie) இது; மாவு ஓட்டுக்குள் இனிப்புக் கிரீம் நிரப்பிச் சுடுவது. முட்டையே கிடையாது; கிரீமை இறுகவைப்பது மாவுச்சத்து மட்டும்தான். அது வேகாவிட்டால் எத்தனை நேரம் பேக் செய்தாலும் நடுவில் தளதளவென்றே நிற்கும்.

23 செ.மீ. தட்டுக்கு 150 கிராம் சர்க்கரை, 35 கிராம் கார்ன்ஃப்ளார், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை முதலில் உலர்வாகவே கலந்துகொள்ளுங்கள், கட்டி தட்டாது. 500 மி.லி. கிரீம், 60 கிராம் வெண்ணெய் சேர்த்து, மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். கெட்டியானதும் இறக்கிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. குமிழி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். பிறகு வெனிலா.

அடி மாவு ஓட்டில் காய்ந்த பயறு நிரப்பி 190 டிகிரியில் 15 நிமிடம், பயறை எடுத்துவிட்டு இன்னும் 7 நிமிடம் சுடுங்கள். கலவையை ஊற்றி, ஜாதிக்காய் துருவி, 165 டிகிரியில் 25 நிமிடம்.

பின்னலை இதன்மேல் பச்சையாக வைக்காதீர்கள். கீழிருந்து வரும் ஆவியில் அடிப்பக்கம் வேகாது, கனத்தில் அமிழ்ந்தும் போகும். பட்டர் பேப்பரில் தனியே பின்னி, ஃபிரிட்ஜில் 15 நிமிடம் வைத்து, 190 டிகிரியில் பொன்னிறமாகச் சுட்டு, ஆறிய பையின்மேல் வையுங்கள். (மரபுப்படி இந்தப் பைக்கு மேலோடே இல்லை, அது வேறு விஷயம்.) வெட்டுவதற்கு முன் 4 மணி நேரமாவது குளிரட்டும்.