வெங்காயம் விளையும் ஆரஞ்சு கவுன்டி

அன்புள்ள ஐயா,

மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று நியூயார்க் மாநிலத்துக்கு வந்திருக்கிறேன். நியூபர்க் என்ற ஊர். ஆரஞ்சு கவுன்டியில் இருக்கிறது. கவுன்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரியாம். என் நாத்தனார் மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். அதுவும் ஆரஞ்சு கவுன்டிதான். அவள் வீட்டுக் கொல்லையில் ஆரஞ்சு காய்த்துத் தொங்குகிறது. இங்கே மார்ச் மாதத்திலும் பனி கொட்டுகிறது. போன வாரம் காரில் போனபோது கன்னங்கரேலென்று உழுது போட்ட வயல்களைப் பார்த்தேன். வெங்காயம் போடும் நிலமாம். ஆரஞ்சு எங்கேடா என்றால் மகன் சிரிக்கிறான். யாரைப் பார்த்து யார் பெயர் வைத்தார்கள்? 31 வருடம் தபால் துறையில் வேலை பார்த்தவள் நான். ஒரே பெயரில் இரண்டு இடம் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

வி.

அன்புள்ள வி. அவர்களுக்கு,

உங்கள் தூக்கத்தை இன்னும் கொஞ்சம் கெடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு அல்ல, எட்டு. நீங்கள் சொன்ன இரண்டைத் தவிர வர்ஜீனியா, வட கரோலினா, வெர்மான்ட், இந்தியானா, டெக்சஸ், புளோரிடா என்று இன்னும் ஆறு மாநிலங்களில் ஆரஞ்சு கவுன்டி உண்டு. அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்குள் ஒரே பெயரில் இரண்டு கவுன்டி இருக்காது. எல்லையைத் தாண்டிவிட்டால் கேட்பாரில்லை. வாஷிங்டன் பெயரில் மட்டும் 30 கவுன்டிகளும், போதாததற்கு லூசியானாவில் ஒரு பாரிஷும் (அங்கே கவுன்டிக்கு அதுதான் பெயர்) இருக்கின்றன. ஆனால் அதில் சுவாரசியம் இல்லை. எல்லாம் ஒரே ஆள். உங்கள் ஆரஞ்சு அப்படியல்ல. எட்டில் மூன்றுதான் பழத்துக்கு வைத்த பெயர்.

உங்கள் மகன் வீட்டுக் கவுன்டி மாப்பிள்ளைக்குச் செய்த மரியாதை. 1683இல் நியூயார்க் குடியேற்றம் யார்க் கோமகன் ஜேம்ஸின் கையில் இருந்தது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸின் தம்பி அவர். அவருடைய ஆளுநர் தாமஸ் டோங்கனின் காலத்தில் அந்தப் பகுதியைப் பன்னிரண்டு கவுன்டிகளாகப் பிரித்தார்கள். அந்தப் பெயர்களை வரிசையாகப் படித்தால் கல்யாண வீட்டுக் குடும்பப் படத்தைப் பார்ப்பது போல இருக்கும். கிங்ஸ் என்றால் அண்ணன் சார்லஸ், குவீன்ஸ் என்றால் அண்ணி கேத்தரின், டச்சஸ் என்றால் ஜேம்ஸின் மனைவி, ஆல்பனி என்றால் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸுக்கு இருந்த பட்டம். ஆரஞ்சு என்பது மூத்த மகள் மேரியின் கணவர் வில்லியம். டச்சு நாட்டின் ஆரஞ்சு இளவரசர்.

ஜேம்ஸ் 1685இல் மன்னரானார். மூன்றே வருடம். 1688இல் இதே மாப்பிள்ளை கப்பலும் படையுமாக வந்து இறங்க, மாமனார் பிரான்சுக்கு ஓடினார். சிம்மாசனம் மகளுக்கும் மருமகனுக்கும் போனது. கவுன்டியின் பெயரை யாரும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

இந்த இளவரசரின் ஆரஞ்சுக்கும் பழத்துக்கும் பிறப்பில் சம்பந்தமே இல்லை. தெற்குப் பிரான்சில் ரோன் ஆற்றுப் பக்கம் ஆரஞ்சு என்று ஓர் ஊர். ரோமானியர் காலத்தில் அதன் பெயர் அராவ்சியோ. கெல்ட் மக்களின் நீர்த் தெய்வம் ஒன்றின் பெயர் அது. 1544இல் அந்தச் சிற்றரசு டச்சு நாஸோ குடும்பத்தின் கைக்கு வந்தது. பழம் வேறு வழியில் வந்தது. சமஸ்கிருத நாரங்கம், பாரசீக நாரங்க், அரபு நாரஞ்ச், ஸ்பானிய நாரஞ்சா என்று நடந்து பிரெஞ்சுக்காரர் வாயில் முதல் எழுத்தின் ‘ந்’ ஒலியை விட்டது. நம் ஊறுகாய் ஜாடியில் இருக்கும் நாரத்தை இந்தச் சொல்லின் உறவு. மூலம் திராவிட மொழிகளில்தான் என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். தெய்வத்தின் பெயரும் காயின் பெயரும் பிரெஞ்சில் ஒலி ஒன்றாகிப் போயின. டச்சுக்காரர்கள் இன்றைக்கும் ஆரஞ்சு நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு கால்பந்து பார்ப்பது இந்தச் சிலேடையால்தான்.

வர்ஜீனியாவில் 1734இல் பெயர் வைத்தபோது அது இன்னொரு வில்லியம். நான்காம் வில்லியம், இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மூத்த மகள் ஆன் என்பவரை அந்த வருடம் மணந்தவர். ஆரஞ்சு என்ற ஊரை 1713லேயே பிரான்சிடம் விட்டுக்கொடுத்தாயிற்று. இவரிடம் பட்டம் மட்டும்தான் இருந்தது. ஆனால் அவர் பெயரில் அமைந்த கவுன்டிக்கு மேற்கே எல்லையே வைக்கவில்லை. வர்ஜீனியா எதுவரை உரிமை கோருகிறதோ அதுவரை ஆரஞ்சு கவுன்டி! நான்கு வருடத்திலேயே வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். வட கரோலினாவில் 1752இல் பெயர் வைத்தது அவருடைய மகன் ஐந்தாம் வில்லியமுக்கு. நான்கு வயதுக் குழந்தை. தாய் ஆன் ஆட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை, மாப்பிள்ளை, பேரன் என்று மூன்று கவுன்டிகள்.

இப்படிப் பெயர் ஒன்றாக இருந்து ஆள் வேறாக இருப்பது அங்கே புதிதல்ல. லிங்கன் கவுன்டி என்றதும் ஆபிரகாம் லிங்கன் என்று எடுத்துக்கொள்வோம். ஜார்ஜியாவில் லிங்கன் கவுன்டி அமைந்தது 1796இல். ஆபிரகாம் பிறந்தது 1809இல். அது சுதந்திரப் போரின் தளபதி பெஞ்சமின் லிங்கன். நானே ஒரு கட்டுரையில் இதைத் தவறாக எழுதி, ஒரு வாசகரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

‘யாரைப் பார்த்து யார்’ என்று கேட்டீர்களே, அதற்கு நேரடியான பதில் இந்தியானாதான். வட கரோலினாவின் ஆரஞ்சு கவுன்டியிலிருந்து குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் அங்கே போய்க் குடியேறின. அடிமைமுறை பிடிக்காமல் போனவர்கள். சுதந்திரம் பெற்ற கறுப்பின மக்களும் அவர்களோடு போய் லிக் கிரீக் பகுதியில் நிலம் வாங்கினார்கள். 1816இல் கவுன்டி அமைந்தபோது விட்டுவந்த இடத்தின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். டச்சு இளவரசரை அவர்கள் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வெர்மான்ட் 1781இல் பெயர் வைத்தது. அப்போது அது அமெரிக்காவோடு சேராத தனிக் குடியரசு.

இனி பழம். புளோரிடா கவுன்டிக்கு 1824இல் வைத்த பெயர் என்ன தெரியுமா? மஸ்கிட்டோ. கொசு கவுன்டி. ஸ்பானியர் காலத்திலேயே அந்தக் கரைக்கு வந்த பெயர் அது. 1845இல் புளோரிடா மாநிலமானது. அந்த வருடமே கொசு போய் ஆரஞ்சு வந்தது. கொசு கவுன்டியில் யார் மனை வாங்குவார்கள்? தோப்புகளும் பிறகு உண்மையாகவே பெருகின. 1894 டிசம்பரிலும் அடுத்த பிப்ரவரியிலும் விழுந்த உறைபனியில் மரங்கள் பட்டுப்போய், பலர் நிலத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மஸ்கிட்டோ லகூன் என்ற கடற்கழி மட்டும் பழைய பெயரோடு இன்னும் இருக்கிறது. ஆனால் இன்றைய ஆரஞ்சு கவுன்டிக்கு வெளியே.

உங்கள் நாத்தனார் மகளின் கவுன்டி லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியிலிருந்து பிரிந்தது 1889இல். அதற்கு முன் இருபது வருடம் முயன்று தோற்றார்கள். 1870இல் கேட்ட பெயர் அனஹைம். ஆரஞ்சு என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். அந்த வட்டாரத்தின் செல்வம் அதுவரை திராட்சை. 1857இல் ஜெர்மானியர்கள் அனஹைமில் தொடங்கிய தோட்டங்களை 1880களில் ஒரு நோய் வந்து வேரோடு கொன்றது. ஆக, பெயர் முதலில், தோப்பு பின்னால். உங்களைப் போலப் பனியில் நடுங்கிக்கொண்டிருந்த கிழக்குப் பகுதிக்காரர்களுக்கு விரித்த வலை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். தோப்பும் நிலைக்கவில்லை. 1955இல் டிஸ்னிலேண்ட் கட்டியது 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பையும் வால்நட் மரங்களையும் வெட்டித்தான்.

உங்கள் துறைக்கும் இதில் பங்கு இருக்கிறது. அங்கே ஆரஞ்சு என்று ஒரு நகரமும் உண்டு. அதன் முதல் பெயர் ரிச்லேண்ட். சாக்ரமென்டோ கவுன்டியில் ஏற்கனவே ஒரு ரிச்லேண்ட் இருக்கிறது என்று தபால் துறை மறுத்ததால் 1873இல் ஆரஞ்சு ஆனது. டெக்சஸில் ஆற்றங்கரை ஆரஞ்சு மரங்களைப் பார்த்து 1852இல் கவுன்டிக்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் அதன் தலைநகர் மேடிசன். கடிதங்கள் மேடிசன்வில் என்ற ஊரோடு குழம்பவே 1858இல் அதுவும் ஆரஞ்சு ஆனது. கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இரண்டு ஆரஞ்சு கூடிவிட்டது!

கடைசியாக ஒன்று. மகனிடம் சொல்லாதீர்கள், நீங்களே பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அவர் வீடு இருக்கும் நியூபர்க் 1798 வரை அல்ஸ்டர் கவுன்டியில் இருந்தது. பழைய ஆரஞ்சின் தென்பகுதியை அந்த வருடம் வெட்டி ராக்லேண்ட் கவுன்டி ஆக்கினார்கள். ஈடாக வடக்கே அல்ஸ்டரில் ஒரு துண்டை எடுத்து ஆரஞ்சில் ஒட்டினார்கள். முதல் தலைநகரான டாப்பன் ராக்லேண்டுக்குப் போய்விட்டது. நியூபர்க்கிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பிரிட்டிஷ் ஒற்றன் மேஜர் ஆந்த்ரேயை 1780இல் தூக்கிலிட்ட ஊர் அது. டாப்பன் எந்த டவுனில் (கவுன்டியின் உட்பிரிவு) இருக்கிறது என்று பாருங்கள்: ஆரஞ்ச்டவுன். கவுன்டி, ராக்லேண்ட்.