நாய்களுக்கான கீழ்ப்படிதல் போட்டிக்கு நாயை அசையாமல் இருக்கப் பழக்குவது எப்படி?

‘ஸ்டே’ என்றால், விடுவிக்கும் சொல் காதில் விழும்வரை நாய் வைத்த இடத்திலேயே இருப்பது. சிக்னலில் பச்சை விழும்வரை வண்டி நிற்பதுபோல. இத்தகைய போட்டிகளை நடத்தும் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் ‘ஓப்பன்’ என்ற இடைநிலைப் பிரிவில் 2018 வரை, வளர்ப்பவர் கண்ணுக்கு மறைவாகப் போய்விட, நாய்கள் வரிசையாக 3 நிமிடம் உட்கார்ந்தும் 5 நிமிடம் படுத்தும் இருக்க வேண்டியிருந்தது.

நேரம், தூரம், சுற்றியுள்ள சலசலப்பு மூன்றையும் ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். ஒன்றைக் கூட்டும்போது மற்ற இரண்டையும் குறையுங்கள். முக்கியமாக, தீனியை நீங்களே திரும்பிப் போய், நாய் எம்பாதபடி வாயருகே கொடுங்கள். கூப்பிட்டுக் கொடுத்தால், எழுந்து வந்ததற்குத்தான் பரிசு என்று எடுத்துக்கொள்ளும்.

நாய் எழுந்துவிட்டால் திமிர் என்று பலர் அதட்டுகிறார்கள்; பெரும்பாலும் அது பதற்றமோ குழப்பமோதான். அதே இடத்தில் உட்காரவைத்து, நேரத்தைப் பாதியாக்கி மறுபடி தொடங்குங்கள்.