காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி: கேட்டவர்களுக்குப் பதில்

திருப்பூர் பனியன் ஏற்றுமதி அலுவலகங்களில் 28 ஆண்டுகள் ஆங்கிலக் கடிதம் எழுதுவதும் மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதுமே என் வேலை. இந்த முறை காற்புள்ளி (,), அரைப்புள்ளி (;), முக்காற்புள்ளி (:) போன்ற குறிகளைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

பல்லடம், மெர்ச்சண்டைசர்: அக்கா, ஆங்கிலக் கடிதத்தைப் படித்துப் பார்த்து, மூச்சு நிற்கும் இடத்தில் காற்புள்ளி வைக்கிறேன். மேலாளர் பாதியை அடித்துவிடுகிறார். ஏன்?

மூச்சைப் பார்த்து வைப்பதால்தான், தம்பி. என்னிடம் வரும் கடிதங்களில் நான் அதிகம் அடிக்கும் காற்புள்ளி இதுதான். “திங்கட்கிழமை திருப்பூரிலிருந்து அனுப்பிய சரக்கு” என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் எழுவாயே ஏழெட்டுச் சொல் நீளும். அதைச் சொல்லி முடித்ததும் மூச்சு வாங்குகிறது, கை தானாக ஒரு காற்புள்ளியைப் போட்டுவிடுகிறது. அதன் பிறகு “வந்து சேர்ந்தது” என்ற வினை வருகிறது. எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவே ஒற்றைக் காற்புள்ளி நிற்பது ஆங்கிலத்தில் பிழை. எழுவாய் எவ்வளவு நீண்டாலும் பிழைதான். இடையில் ஒரு செய்தியைச் செருகினால் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்றாக இரண்டு வைக்கலாம். ஒன்றே ஒன்று வைக்கக் கூடாது.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயைத் தொட்டுக்கொண்டு அதன் வினையைத் தேடுங்கள். வழியில் தனியாக ஒரு காற்புள்ளி நின்றால் எடுத்துவிடுங்கள். இதை ஒரு மாதம் செய்தால் மேலாளரின் பேனாவுக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

அவிநாசி, தர ஆய்வாளர்: “விச்” என்ற சொல்லுக்கு முன்னால் காற்புள்ளி வேண்டுமா, வேண்டாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இரண்டும் சரி, பொருள்தான் வேறு. அந்த வேறுபாட்டில் பணம் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

4,000 பனியன் தைத்தாகிவிட்டது, அதில் 60 பனியனில் எண்ணெய்க் கறை என்று வைத்துக்கொள்ளுங்கள். “கறைபட்டிருந்த பனியன்களை ஒதுக்கிவிட்டோம்” என்று பையருக்கு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு, எழுத வேண்டும். ஆங்கிலத்தில் “பனியன்கள்” என்ற சொல் முதலில் வரும், “கறைபட்டிருந்த” என்பது “விச்” போட்டு அதன் பின்னால் வரும். காற்புள்ளி இல்லாமல் எழுதினால், கறைபட்ட 60 மட்டும் ஒதுக்கப்பட்டன என்று பொருள். “விச்” பகுதிக்கு முன்னும் பின்னும் காற்புள்ளி வைத்துவிட்டால், பனியன்கள் ஒதுக்கப்பட்டன, அவை எல்லாமே கறைபட்டவை என்று பொருளாகிவிடும். 4,000 பனியனும் போயிற்றா என்று கேட்டுப் பையர் அன்று மாலையே தொலைபேசியில் அழைப்பார்.

நம் ஆட்கள் இதில் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது: கறைபட்ட பனியன், நேற்று வந்த லாரி. நடுவே குறி வைக்க இடமே இல்லை. அதனால் “எது” என்று பிரித்துக்காட்டும் தொடருக்கும், கூடுதலாக ஒரு செய்தி சொல்லும் தொடருக்கும் உள்ள வேறுபாட்டைக் குறியால் காட்டும் பழக்கம் நமக்கு ஏற்படவில்லை. அந்தத் தொடரைக் கையால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எந்தப் பனியன் என்று இன்னும் தெரிகிறது என்றால் காற்புள்ளி வையுங்கள். தெரியவில்லை என்றால் வைக்காதீர்கள்.

ஈரோடு: கடிதத் தொடக்கத்தில் “டியர் சார்” என்பதற்குப் பிறகு என்ன குறி?

பிரிட்டிஷ் வழக்கில் காற்புள்ளி, அமெரிக்க வணிகக் கடிதத்தில் முக்காற்புள்ளி.

கரூர், படுக்கை விரிப்பு ஏற்றுமதி: அரைப்புள்ளியை என் வாழ்நாளில் பயன்படுத்தியதில்லை. அது இல்லாமல் என்ன குறைந்துவிட்டது?

உங்கள் பேக்கிங் பட்டியலைப் பார்த்தால் தெரியும். நிறம், அளவு, எண்ணிக்கை மூன்றையும் காற்புள்ளியாலேயே அடுக்கிப் பாருங்கள்: நீலம், இரட்டைக் கட்டில், 200, வெள்ளை, ஒற்றைக் கட்டில், 350, நீலம், ஒற்றைக் கட்டில், 150. கிடங்கில் நிற்பவர் “200, வெள்ளை” என்று சேர்த்துப் படித்துவிட்டால் அவர் மேல் குற்றமில்லை. இப்போது இதைப் பாருங்கள்: நீலம், இரட்டைக் கட்டில், 200; வெள்ளை, ஒற்றைக் கட்டில், 350; நீலம், ஒற்றைக் கட்டில், 150. சின்னப் பிரிவுக்குக் காற்புள்ளி, அவற்றைச் சுற்றிய பெரிய பிரிவுக்கு அரைப்புள்ளி. கட்டம் போட முடியாத மின்னஞ்சலில் இது ஒன்றே கைகொடுக்கும்.

இன்னொரு பயன், இரண்டு முழு வாக்கியங்களை நெருக்கமாக நிறுத்துவது. “சரக்கு தயார், கப்பல் வரவில்லை” என்று தமிழில் காற்புள்ளி வைத்து எழுதினால் யாரும் குறை சொல்வதில்லை. ஆங்கிலத்தில் அந்த இரண்டையும் வெறும் காற்புள்ளியால் ஒட்டக் கூடாது. அரைப்புள்ளி வையுங்கள், அல்லது முற்றுப்புள்ளி வைத்து இரண்டாக்குங்கள், அல்லது காற்புள்ளியுடன் “பட்” என்ற இணைப்புச் சொல்லைச் சேருங்கள். இங்கேயும் மூச்சைக் கேட்காதீர்கள். இரு பக்கமும் தனியாக நிற்கக்கூடிய வாக்கியங்களா என்று மட்டும் பாருங்கள்.

பொள்ளாச்சி, ஆங்கில ஆசிரியர்: பட்டியலில் கடைசி “ஆண்ட்” (and) அல்லது “ஆர்” (or) முன்னால் காற்புள்ளி தேவையில்லை என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். சரிதானே? அத்துடன், ஒரு காற்புள்ளியால் தூக்குத் தண்டனை மாறிய அந்தக் கதையையும் சொன்னால் வகுப்பில் பயன்படும்.

தூக்குத் தண்டனைக் கதை ஊருக்கு ஒரு ராஜாவைப் போட்டுச் சொல்லப்படுவது. அதை விடுங்கள், உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கும் அதுதான் பதில்.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், சில வேலைகளுக்கு மிகைநேரக் கூலி கிடையாது என்று ஒரு சட்டம் இருந்தது. பதப்படுத்துதல், உறையவைத்தல், உலர்த்துதல் என்று காற்புள்ளி போட்டு அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் “சேமித்தல், அனுப்புவதற்காக அல்லது விநியோகத்துக்காகக் கட்டுதல்” என்றும் படிக்கலாம், “சேமித்தல், அனுப்புவதற்காகக் கட்டுதல் அல்லது விநியோகித்தல்” என்றும் படிக்கலாம் என்ற நிலையில் அந்த வரி முடிந்தது. “ஆர்” முன்னால் காற்புள்ளி இல்லை. ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள், “நாங்கள் விநியோகிக்கிறோமே தவிர எதையும் கட்டுவதில்லை, சட்டம் விலக்கியது கட்டும் வேலையை மட்டும்தான்” என்று வழக்குப் போட்டார்கள். 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வரி தெளிவாக இல்லை, தெளிவில்லாத இடத்தில் தொழிலாளிக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அந்த மாநிலத்தின் சட்ட வரைவுக் கையேடே கடைசிக் காற்புள்ளி வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தது. பிறகு சட்டத்தைத் திருத்தியபோது ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் அரைப்புள்ளி போட்டுவிட்டார்கள்.

பிரிட்டிஷ் இதழ்கள் பலவும் அந்தக் காற்புள்ளியை விட்டுவிடுகின்றன, அமெரிக்கப் பதிப்பகங்கள் பெரும்பாலும் வைக்கின்றன. மாணவர்களுக்கு “தேவையில்லை” என்று சொல்லாதீர்கள் ஐயா. “குழப்பம் வருமானால் கட்டாயம் வை” என்று சொல்லிக்கொடுங்கள். ஒப்பந்தம் எழுதுபவர் என்றால் எப்போதும் வைக்கட்டும்.

காங்கேயம்: “டியர் சார்” பிறகு காற்புள்ளியா?

மேலே ஈரோட்டுக்குச் சொல்லியிருக்கிறேன்.

பெருந்துறை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: அம்மணி, மூச்சைப் பார்க்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று நாங்கள் 35 ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தோமே! கால், அரை, முக்கால் என்ற பெயர்களே அந்த அளவில் வந்தவை. நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊர் என்று நாம் சொல்லும் சீனாபுரம் எங்கள் ஊருக்குப் பக்கம்தான். அந்த மண்ணிலிருந்து இதை ஏற்க முடியாது.

ஐயா, பெயர்க் காரணம் முழுக்க நீங்கள் சொன்னதுதான். அந்தப் பெயர்களைப் போல அழகான பெயர்கள் ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இதே போன்ற கணக்கு இருந்தது. லிண்ட்லி மர்ரே 1795இல் வெளியிட்ட இலக்கணத்தில், காற்புள்ளியைப் போல் இரு மடங்கு அரைப்புள்ளி, அதைப் போல் இரு மடங்கு முக்காற்புள்ளி, அதைப் போல் இரு மடங்கு முற்றுப்புள்ளி என்று நிறுத்த அளவு சொல்லியிருக்கிறார். உரக்கப் படித்த காலத்தின் கணக்கு அது. இன்றைக்கு பையர் நம் கடிதத்தைக் கண்ணால் படிக்கிறார்; எந்தச் சொல் எதோடு சேருகிறது என்பதைக் குறியை வைத்துத்தான் முடிவுசெய்கிறார்.

நன்னூலில் இந்தக் குறிகளுக்கு விதி இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஓலையில் மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடக் கிழிந்துவிடும் என்று வைக்காமல் விட்டார்கள். எண்ணும்மையும் “என்று”ம் வினைமுற்றும் குறிகள் செய்யும் வேலையைத் தாமே செய்துகொண்டன. அச்சு வந்த பிறகுதான் குறிகள் வந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் அவற்றை ஒழுங்காக வைத்துக் காட்டினார்.

கோபிசெட்டிபாளையம், பத்திர எழுத்தர்: குறுக்கிடுகிறேன். நாங்கள் பத்திரத்தில் ஒரு குறியும் இல்லாமல் தலைமுறைகளாக எழுதுகிறோம். பூமி கைமாறிக்கொண்டுதானே இருக்கிறது?

பூமி கைமாறுகிறது அண்ணா, வழக்கும் நடக்கிறது. செக்குபந்தியையே, அதாவது பூமியின் நான்கு எல்லை விவரத்தையே, எடுத்துக்கொள்ளுங்கள். “இட்டேரிக்குத் தெற்கு வாய்க்காலுக்கு வடக்கு” என்று குறி இல்லாமல் எழுதிய ஒரு பழைய பத்திரத்தை என் அப்பா வைத்திருந்தார். இட்டேரி என்றால் இரு வேலிகளுக்கு நடுவே போகும் பாதை. இட்டேரிக்குத் தெற்கே, வாய்க்காலுக்கு வடக்கே என்பது ஒரு படிப்பு. எங்கள் ஊரில் “தெற்கு வாய்க்கால்” என்றே ஒரு வாய்க்கால் உண்டு. அந்தப் பெயரைச் சேர்த்துப் படித்தால், நடுவில் இருக்கும் கொறங்காடும் (மேய்ச்சல் நிலமும்) பூமிக்குள் வந்துவிடும். “இட்டேரிக்குத் தெற்கு; வாய்க்காலுக்கு வடக்கு” என்று ஒரே ஒரு அரைப்புள்ளி இருந்திருந்தால் போதும்.

பெருந்துறை, தமிழாசிரியர்: செக்குபந்தியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேடையில் படிக்கும் உரைக்கு என் கணக்குத்தான் சரி.

மேடைக்கு உங்கள் கணக்கு, கடிதத்துக்கு என் கணக்கு. முழு மனதோடு சம்மதிக்கிறேன் ஐயா.

திருப்பூர், கணக்குப் பிரிவு: இன்வாய்ஸில் 1,50,000 என்று எழுதுவதா, 150,000 என்று எழுதுவதா?

வெளிநாட்டுக்குப் போவது என்றால் 150,000. லட்சக் காற்புள்ளியை அவர்கள் தட்டச்சுப் பிழை என்று நினைப்பார்கள்.

ஜெர்மனிக்கு எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். அங்கே காற்புள்ளிதான் தசமப் புள்ளி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாம்பிளுக்கு நூல் வேண்டும் என்று அங்கிருந்து ஒரு தாள் வந்தது. நூலின் எடை “12,500 கிலோ” என்று இருந்தது. நான் அப்படியே பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்று தமிழில் எழுதி நிட்டிங் பிரிவுக்கு அனுப்பினேன். மேற்பார்வையாளர் தாளோடு நேராக என் மேஜைக்கு வந்து, “சாம்பிளுக்குப் பன்னிரண்டரை டன் நூலா, அம்மணி?” என்று கேட்டார். அவர்கள் கேட்டது பன்னிரண்டரை கிலோ. அன்று அவர் எழுந்து வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். எடையும் விலையும் வரும் இடத்தில் எண்ணை ஒருமுறை சொல்லாலும் எழுதிவிடுங்கள்.

மேட்டுப்பாளையம்: ஆங்கிலம் சரளமாகப் பேச எத்தனை மாதம் ஆகும்?

பேச்சுப் பயிற்சி தருபவரைக் கேளுங்கள். இங்கே குறிகள் மட்டும்.

கோவை, பம்ப் தொழிற்சாலை, கையேடு எழுதுபவர்: “பாகங்கள் ஆர்” (are) என்று எழுதி முக்காற்புள்ளி வைத்துப் பட்டியல் போடுகிறேன். தவறு என்கிறார்கள்.

தவறுதான். ஆங்கிலத்தில் முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது முழு வாக்கியமாக இருக்க வேண்டும். “ஆர்” என்ற வினை தன் மீதிக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் கதவைச் சாத்துகிறீர்கள். “இந்தப் பம்பில் கீழ்க்கண்ட பாகங்கள் உள்ளன” என்ற பொருளில் வாக்கியத்தை முடித்துவிட்டு, பிறகு வையுங்கள். தமிழில் “பாகங்கள்: மோட்டார், இம்பெல்லர், தண்டு” என்று பெயரோடு நிறுத்தி எழுதுவது இயல்பு. தமிழ் வாக்கியத்துக்கு “ஆர்” போன்ற வினை தேவைப்படுவதில்லை. அந்தப் பழக்கம்தான் உங்கள் ஆங்கிலத்துக்குள் வந்திருக்கிறது. தலைப்பாக எழுதினால் ஆங்கிலத்திலும் “பாகங்கள்:” போதும்.

நாமக்கல்: பொருள்:- என்று கோடும் சேர்த்துப் போடலாமா?

தமிழ் விண்ணப்பத்தில் அது பழைய வழக்கு, இருக்கட்டும். ஆங்கிலத்தில் கோட்டை எடுத்துவிடுங்கள்.

உடுமலை: “டியர் சார்”...

ஈரோட்டுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள், தம்பி. இதை இனி எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தாராபுரம், கல்லூரி மாணவி: அக்கா, “ஹவெவர்” என்ற சொல்லுக்கு இரு பக்கமும் காற்புள்ளி வைத்தேன். ஆசிரியர் முதல் காற்புள்ளியை அரைப்புள்ளி ஆக்கிவிட்டார். மூச்சு இரண்டு இடத்திலும் ஒரே அளவில்தானே நிற்கிறது?

மூச்சு நிற்கும். வாக்கியம் முதல் இடத்தில் முடிந்துவிட்டது, அம்மணி. “ஹவெவர்” அங்கே அடுத்த வாக்கியத்தின் முதல் சொல். அதற்கு இரண்டு வாக்கியங்களை இணைக்கும் வலு கிடையாது. “பட்” என்ற சொல்லுக்கு உண்டு. அதனால்தான் முன்னால் அரைப்புள்ளி, பின்னால் காற்புள்ளி. அதே சொல் ஒரே வாக்கியத்தின் நடுவில் செருகலாக வந்தால் இரு பக்கமும் காற்புள்ளி சரி. உங்கள் ஆசிரியர் திருத்திய அந்த வாக்கியத்தையும், நடுவில் செருகி நீங்களே எழுதிய ஒரு வாக்கியத்தையும் அடுத்த முறை அனுப்புங்கள், பார்க்கிறேன்.