ஏழு பேர் ஆடக் கோலாட்டம் ஆகுமா?

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவுக்காக எட்டு மாணவியருக்குக் கோலாட்டமும் பின்னல் கோலாட்டமும் பயிற்றுவித்து வந்தேன். ஒரு மாணவி வேறு ஊர்ப் பள்ளிக்கு மாறிவிட்டாள். விழாவுக்கு மூன்று வாரங்களே உள்ள நிலையில், ஏழு பேரை வைத்து இதையே தொடரலாமா? ஒருத்தியை நிறுத்திவிட்டு ஆறு பேரை ஆடவிட மனம் வரவில்லை.
– ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: யாரையும் நிறுத்த வேண்டாம். கோலாட்டத்தில் எண்ணிக்கை இடிப்பது, இருவர் இருவராக எதிரெதிரே திரும்பித் தட்டும் அடவுகளில்தான். எல்லாரும் வட்டத்தின் உள்நோக்கி நின்று, முதல் தட்டில் தத்தம் கோல்களை மார்புக்கு நேராகத் தட்டிக்கொண்டு, அடுத்த தட்டில் இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, வலக்கோலால் வலப்பக்கத்தவளின் இடக்கோலையும் இடக்கோலால் இடப்பக்கத்தவளின் வலக்கோலையும் ஒரே நேரத்தில் தட்டினால், ஏழு பேரானாலும் ஒன்பது பேரானாலும் ஒரு கோல்கூடச் சும்மா நிற்காது. குனிந்து முழங்காலுக்குக் கீழே தட்டுவது, தலைக்கு மேல் தட்டுவது, ஒரு சுற்றுச் சுற்றித் தட்டுவது ஆகியவை அவரவர் கோலோடு முடிந்துவிடுவதால் அவற்றுக்கும் இடையூறு இல்லை. கைகளை விரிக்கும்போது வட்டம் அகன்றுபோனால் கோல் எட்டாது. ஆகவே நிற்க வேண்டிய இடங்களைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துப் பழக்குங்கள்.

இருவர் எதிர்நின்று தட்டும் அடவுதான் பார்ப்பதற்கு அழகு என்று நீங்கள் கருதினால் (நானும் அப்படியே கருதுகிறேன்), ஏழாமவளை நடுவில் நிறுத்தி ஜால்ரா தட்டிப் பாடச் செய்து, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அவள் வட்டத்துக்குள் வர, வேறொருத்தி நடுவுக்குப் போகுமாறு அமையுங்கள். இந்த மாற்றம், எல்லாரும் தத்தம் கோலைத் தட்டிக்கொண்டிருக்கும்போது நடந்தால்தான் விரல்களில் அடி விழாது.

பின்னல் கோலாட்டத்தில் இந்த உத்தி எதுவும் செல்லாது. மேலிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்துப் பாதிப்பேர் இடஞ்சுழியாகவும் பாதிப்பேர் வலஞ்சுழியாகவும் ஒருவரையொருவர் உள்ளும் புறமும் கடந்து செல்வதால்தான் பின்னல் விழுகிறது. ஏழு பேரில் நால்வர் ஒரு திசையிலும் மூவர் மறுதிசையிலும் சென்றால், ஒரே திசையில் செல்லும் இருவர் அடுத்தடுத்து வந்து, மேலும் கீழுமாகக் கயிறு மாறும் ஒழுங்கு அங்கே குலைந்துவிடும். அவிழ்க்கும்போது அதே அடிகளைப் பின்னோக்கி ஆட வேண்டும் என்பதால், குலைந்த பின்னல் மேடையிலேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே ஆறு கயிறுகள் மட்டும் கட்டி, ஏழாமவளுக்குப் பாட்டைக் கொடுங்கள். அவள் குரல் அதற்கு இடந்தராது என்றால், இவ்வாண்டு பின்னலை விட்டுவிடுவதே நல்லது.

ஆட்டத்தையே மாற்றுவதானால் கும்மிக்குச் செல்லுங்கள். தன் கையைத் தான் தட்டி ஆடும் கும்மிக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை என்ற பேதமில்லை, பக்கவாத்தியமும் தேவையில்லை. கைக்குட்டை வீசி வரிசையாக ஆடும் ஒயிலாட்டமும் ஒத்துவரும். ஏழு பேர் ஒரே வரிசையில் நிற்கும்போது நடுவில் ஒருத்தி அமைவதால், மற்றவர்கள் அவளைப் பார்த்து அடி பிடிக்கலாம். தேவராட்டத்துக்கும் பறையாட்டத்துக்கும் எண்ணிக்கை தடையில்லை என்றாலும், முன்னதற்கு உறுமி வாசிப்பவர் வேண்டும், பின்னதில் ஆடுபவரே பறை அடிக்க வேண்டும். மூன்று வாரத்தில் அது முடியாது.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழாவில் ஆட முன்வந்தவர்கள் மூன்று பெண்கள் மட்டுமே. ஆள் குறைவு என்பதால் கரகாட்டம் ஆடலாம் என்கிறாள் என் தோழி.
– வாசகி, ஈரோடு

பதில்: கரகத்தை ஒருவர் தனியாகவே ஆடலாம் என்பது உண்மைதான். ஆனால் கையால் பிடிக்காமல் தலையில் நிற்கும் குடத்தோடு ஆடுவதற்கு நெடுநாள் பயிற்சி வேண்டும். குடத்தைத் தலையோடு இறுகக் கட்டி ஆடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூவரும் கும்மியே ஆடுங்கள். உங்கள் கொங்குப் பகுதியில் நூற்றுக்கணக்கானோர் ஆடும் வள்ளி கும்மியின் வரிசை மாற்றங்களை மூன்று பேரில் காட்ட முயல வேண்டாம். ஒருவர் அடியெடுத்துப் பாட, இருவர் திருப்பிப் பாடும் எளிய கும்மி போதும். இரண்டு பாட்டு முடிந்ததும் அடியைச் சற்று மெதுவாக்கி, பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களையும் குழந்தைகளையும் உள்ளே அழையுங்கள். இதற்கு மேடையை விடத் தரைதான் வசதி.