பெனலோப்பின்னா வாத்தா, நூலா? பொண்ணுக்கு வைக்கலாமா?

லண்டன்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க, பொறக்கப் போற பொண்ணுக்கு பெனலோப்பின்னு வைக்க ஆசையாம், ஒரு பேர் புக்ல "நெசவுக்காரி"ன்னு இருக்காம், இன்னொண்ணுல "வாத்து"ன்னு இருக்காம், மாமியார் வாத்துன்னு கேட்டதுமே முகம் சுளிச்சிட்டாங்களாம்.

ரெண்டுக்குமே அடிப்படை இருக்குங்க. பழைய கிரேக்கத்துல பேனேன்னா ஊடை நூல், அதாவது நெசவுல குறுக்கே ஓடற நூல், பேனெலோப்ஸ்னா ஒரு வகை வாத்து. எனக்கு வாத்துதான் சரின்னு படுது, ஏன்னா பேர் முழுசா அதுல அடங்கிடுது, நூல்னு சொன்னா பின்பாதிக்கு தனியா ஒரு விளக்கம் தேட வேண்டியிருக்கு. ஹோமரோட ஒடிசிங்கற பழைய கிரேக்கக் காவியத்துல வர்ற பெனலோப்பியை குழந்தையா இருக்கறப்போ கடல்ல வீசினாங்க, வாத்துங்க காப்பாத்துச்சுன்னு ஒரு பழங்கதையும் உண்டு. 1758ல, உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வச்ச லின்னேயஸ் ஒரு காட்டு வாத்துக்கே பெனலோப்பின்னு பேர் வச்சார், ஆண் வாத்துக்கு நெத்தியில நாமம் போட்ட மாதிரி வெளிர்மஞ்சள் பட்டை இருக்கும், குளிர்காலத்துல நம்ம இந்தியாவுக்கும் வரும், மாமியார்கிட்ட போட்டோவை காட்டுங்க.

சில புக்ல "பதிவிரதை"ன்னே அர்த்தம் போடறாங்க, அது தப்பு, அது ஒடிசி கதையில வர்ற பெனலோப்பியோட குணம். அதுவும் பாதிதான். புருஷன் ஒடிசியஸ் 20 வருஷம் ஊர்ல இல்ல, கட்டிக்கறேன்னு 108 பேர் வீட்டுல வந்து உட்கார்ந்து தின்னுட்டு இருக்கானுங்க, இவ மாமனார் செத்தா போர்த்தறதுக்கு கோடித்துணி நெஞ்சு முடிச்சதும் பதில் சொல்றேன்னுட்டு பகல்ல நெய்றா, ராத்திரி பந்த வெளிச்சத்துல பிரிக்கிறா, மூணு வருஷம் யாருக்கும் தெரியல, கடைசில வேலைக்காரி ஒருத்திதான் போட்டுக் குடுத்தா. புருஷன் திரும்பி வந்தப்பவும் உடனே நம்பல, "அந்தக் கட்டிலை வெளிய எடுத்துப் போடு"ன்னு வேலைக்காரிகிட்ட சொல்றா, வேரோட நிக்கற ஆலிவ் மரத்துல செதுக்கின கட்டில் எப்படிடி நகரும்னு அந்தாளு கத்தினதும்தான் இவன் அவனேன்னு கட்டிப்பிடிக்கிறா. கெட்டிக்காரிங்க!

இன்னொண்ணும் சொல்லிடறேன், பான்ங்கற ஆட்டுக்கால் தெய்வத்துக்கு இவதான் அம்மான்னு பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கார், ஹோமர்ல அது இல்ல, பெருசா எடுத்துக்க வேணாம்.

இங்கிலீஷ்ல கடைசி எழுத்தையும் சேர்த்து "பெனலப்பி"ன்னு சொல்லணும், நம்ம சொந்தக்காரங்க எழுத்தைப் பார்த்து "பெனலோப்"னு படிப்பாங்க, அதனால தமிழ்ல பெனலோப்பின்னே எழுதிக் குடுத்துடுங்க. ஸ்கூல்ல பென்னின்னு சுருக்கிடுவாங்க, அது அங்க சில்லறைக் காசோட பேரும்கூட, பிடிக்கலேன்னா வீட்டுல முதல்லேர்ந்தே நெல் (Nell)னு கூப்பிட்டு பழக்குங்க.